நீங்க தூங்கினாலும் ஜெனரேட்டர் முழிக்கணும்!

ஃபைனல் இயர் மக்களே, ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் பிடிச்சாச்சா? 'லைன் ஃபாலோயர் ரோபோ'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க பாஸ். உங்க சீனியரோட சீனியரே அதைப் பண்ணிட்டாரு. அந்த ரோபோ இன்னும் டிபார்ட்மென்ட் அலமாரியில தூசி தின்னுட்டு இருக்கு. ரெடிமேடா காசு கொடுத்து வாங்குற ஐடியா இருந்தா, அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. அங்க சினிமா நியூஸ் இருக்கு. நிஜமாவே கையில கிரீஸ் படணும்னு நினைக்கிறவங்க மட்டும் இங்கேயே இருங்க. இ.இ.இ., இ.சி.இ., மெக்கானிக்கல் மூணு பேருமே சேர்ந்து அடிச்சுக்க வேண்டிய ஒரு மேட்டர் இந்த வாரம்.

மதுரை மாட்டுத்தாவணியில திருச்சி பஸ் ஏறினா மேலூர், கருங்காலக்குடி தாண்டி கொட்டாம்பட்டி. மேலூர் வரைக்கும் பெரியாறு பாசனத்துல வயல் பச்சையா இருக்கும். அதைத் தாண்டினதும் மண்ணோட நிறமே மாறிடும். இங்க பெரும்பாலும் கிணறும் கண்மாயும்தான் கதி. அதனால மா, தென்னைன்னு தோப்புகள். இந்த மாதிரி ஊர்ல ரோட்டை விட்டு ரெண்டு கிலோமீட்டர் உள்ள ஒரு தோப்பு வீடு இருக்குன்னு வெச்சுக்குவோம். கரன்ட் கம்பம் அதுவரைக்கும் வரலை. கம்பம் நட எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருக்கிறவங்க எவ்வளவோ பேர். வீட்டுல ஒரு தாத்தாவும் அப்பத்தாவும். பேரன் நீங்கதான். மதுரையில ஹாஸ்டல்ல இருக்கீங்க.

மாடியில ஒன்றரை கிலோவாட் சோலார் பேனல். கீழே 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி நாலு, சீரீஸ்ல. மொத்தம் 48 வோல்ட். ஒரு இன்வெர்ட்டர். விளக்கு, மூணு ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி., மிக்ஸி. ஒரு நாளைக்கு 5 யூனிட் செலவு.

இப்ப கணக்கு. 48-ஐ 200-ஆல பெருக்குங்க. 9,600 வாட்-ஹவர், அதாவது 9.6 யூனிட். ஆனா லெட்-ஆசிட் பேட்டரியை முழுசாக் காலி பண்ணக் கூடாது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினா, காலியாவே கிடக்க விட்டா, தகட்டுல லெட் சல்ஃபேட் கெட்டியாப் படிஞ்சிடும். அப்புறம் அது கரையாது. அஞ்சாறு வருஷம் உழைக்க வேண்டிய பேட்டரி ரெண்டே வருஷத்துல பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். அதனால தைரியமா எடுக்கக் கூடியது 4.8 யூனிட்தான்.

நல்ல வெயில் நாள்ல ஒன்றரை கிலோவாட் பேனல் 6 யூனிட் வரைக்கும் கொடுக்கும். வரவு 6, செலவு 5. சொர்க்கம்! ஐப்பசி வருது. மூணு நாள் மேகமூட்டம். வரவு 2 யூனிட்னு சுருங்குது. தினமும் 3 யூனிட் கடன். முதல் நாள் ராத்திரி முடியறப்போ பேட்டரி 70 சதவிகிதம். ரெண்டாவது நாள் 40-க்குக் கீழே. மூணாவது நாள் ராத்திரி 2 மணிக்கு இன்வெர்ட்டர் 'கீங்...'னு கத்திட்டு நின்னுடும்.

கொட்டகையில ஜெனரேட்டர் இருக்கு. ஆனா மழையில டார்ச் எடுத்துக்கிட்டு, செருப்பு மாட்டிக்கிட்டு, பாம்பு இருக்கான்னு பார்த்துப் போய் அதை ஸ்டார்ட் பண்றது யாரு? தாத்தாவா?

அதை பேட்டரியே கூப்பிட்டு எழுப்பணும். வேலை முடிஞ்சதும் அதுவே அனுப்பி வைக்கணும். இதுதான் ப்ராஜெக்ட்.

'இவ்வளவுதானா? ஒரு ரிலே, ஒரு ஆர்டுயினோ, ஒரு ஞாயித்துக்கிழமை'ன்னு உங்க டீம்ல ஒருத்தன் சொல்லுவான். அவனைக் கொஞ்ச நேரம் பேசாம உட்காரச் சொல்லுங்க. ஸ்டார்ட் பண்றது சின்ன வேலை. எப்ப ஸ்டார்ட் பண்ணணும், எப்ப நிறுத்தணும், ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன செய்யணும்... இந்த மூணுலதான் மார்க் இருக்கு.

அதுக்கு முன்னாடி, 'இது ஒரு தோப்பு வீட்டுப் பிரச்னைதானே, இதுக்கு என்ன ஸ்கோப்?'னு ரிவ்யூல கேட்டா சொல்றதுக்கு ரெண்டு விஷயம். முதல் விஷயம், நீங்க தினமும் பஸ்ல பார்க்கிற மொபைல் டவர். அடியில 48 வோல்ட் பேட்டரி, பக்கத்துல டீசல் ஜெனரேட்டர். ராத்திரி யாரும் அங்க உட்கார்ந்திருக்க மாட்டாங்க. கரன்ட் போய் பேட்டரி இறங்கினா ஜெனரேட்டர் தானா ஓடும். தமிழ்நாட்டுல 2012-ல ஊர் ஊரா பல மணி நேரம் கரன்ட் இல்லாம கிடந்தப்பவும் உங்க அண்ணன் எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டு இருந்தார்னா, காரணம் இதுதான். அதே 2012 ஜனவரியில, கிராமத்து டவர்கள்ல பாதியையும் நகரத்து டவர்கள்ல 20 சதவிகிதத்தையும் 2015-க்குள்ள, சோலார் மாதிரி வேற மின்சாரத்தையும் சேர்த்து ஓடுற ஹைப்ரிட் முறைக்கு மாத்தணும்னு மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. டீசல் அந்த அளவுக்குக் குடிச்சுது.

ரெண்டாவது விஷயம் கடலுக்கு அந்தப் பக்கம். ராமேஸ்வரத்துக்கு எதிர்ல, யாழ்ப்பாணத்தை ஒட்டி நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுன்னு மூணு தீவு. இலங்கையோட பொது மின் வலையமைப்பு அங்க போகலை. 2021-ல இந்த மூணு தீவுக்கும் சோலார்-காற்றாலை-பேட்டரி அமைக்கிற வேலையை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. இந்தியா முகம் சுளிச்சுது. அந்த வருஷக் கடைசியில வேலை நின்னுச்சு. 2022 மார்ச்ல இந்தியாவே 'நாங்க பண்ணித் தர்றோம்'னு கையெழுத்துப் போட்டு, 2024 மார்ச்ல பெங்களூரு நிறுவனம் ஒண்ணோட ஒப்பந்தம் ஆச்சு. ஒப்பந்தத்துல இருந்த அளவுகளைப் பாருங்க. சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட்-ஹவர். அதோட கடைசியா ஒரு வரி: 2,500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர், ஸ்டாண்ட்பை. இவ்வளவு சோலாரும் காத்தும் வெச்சுட்டும் டீசலை விடலை! ரெண்டு நாட்டு அரசியலே நடந்த திட்டத்துக்குள்ளேயும் நம்ம தாத்தா வீட்டு ஜெனரேட்டர்தான் மூலையில உட்கார்ந்திருக்கு. மேகம் யார் பேச்சையும் கேக்காதில்லையா...

சரி, தோப்புக்கு வருவோம். எப்ப ஸ்டார்ட் பண்ணணும்?

எல்லாரும் முதல்ல எழுதுற கோடு: 'வோல்டேஜ் 48-க்குக் கீழே போனா ஸ்டார்ட்'. தப்பு. பேட்டரி வோல்டேஜ் அப்பப்போ பொய் சொல்லும். அப்பத்தா காலையில மிக்ஸியில சட்னி அரைச்சா, 750 வாட் மோட்டார் பேட்டரியில இருந்து 16 ஆம்பியருக்கு மேல இழுக்கும். கிளம்புற நொடியில இன்னும் பல மடங்கு. வோல்டேஜ் டபக்னு கீழே விழுந்துட்டு, மிக்ஸி நின்னதும் ஏறிடும். பேட்டரி 80 சதவிகிதம் நிறைஞ்சு இருந்தாலும் இது நடக்கும். உங்க கோடு ஒவ்வொரு சட்னிக்கும் ஜெனரேட்டரை எழுப்பும். தேங்காய்ச் சட்னின்னா ரெண்டு தடவை!

அதனால வோல்டேஜோட நேரத்தையும் சேருங்க. 47.5 வோல்ட்டுக்குக் கீழே தொடர்ந்து 15 நிமிஷம் இருந்தா ஸ்டார்ட். நடுவுல ஏறினா டைமர் திரும்ப பூஜ்யத்துல இருந்து. கூடவே இன்னொரு படி: 45.5-க்குக் கீழே ஒரு நிமிஷம் இருந்தா, எதையும் யோசிக்காம உடனே ஸ்டார்ட். ஏன்னா இன்வெர்ட்டர் 42, 43-ல கதவைச் சாத்திடும். இந்த எண்களை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க பேட்டரியோட டேட்டா ஷீட்டும் உங்க வீட்டு லோடும்தான் எண்ணை முடிவு பண்ணும்.

இன்னும் ஒழுங்கா பண்ணணும்னா, பேட்டரியோட நெகட்டிவ் வயர்ல ஒரு ஷண்ட் போடுங்க. உள்ள போன ஆம்பியர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டே இருக்கலாம். நம்ம வீட்டுல பால் கணக்கு எழுதுற மாதிரி. ஆனா பால் கணக்குலயே மாசக் கடைசியில தகராறு வருதே, இதுலயும் வரும். சின்னச் சின்னத் தப்பு சேர்ந்து, 'இன்னும் 60 சதவிகிதம் இருக்கு'ன்னு மீட்டர் சொல்லும்போதே விளக்கு அணையும். பேட்டரி முழுசா நிறையிற ஒவ்வொரு தடவையும் கணக்கை 100-க்குத் திருத்தணும். அதோட வோல்டேஜ் காவலையும் எடுத்துடக் கூடாது. கணக்குப்பிள்ளை தூங்கினா வாட்ச்மேன் முழிச்சிருக்கணும்.

லித்தியம் பேட்டரின்னா கதை வேற. இப்ப பரவலா வர்ற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில, 80 சதவிகிதத்துலயும் 30 சதவிகிதத்துலயும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வோல்டேஜைப் பார்த்து ஜெனரேட்டரை எழுப்புறது, முகத்தைப் பார்த்து பர்ஸ்ல எவ்வளவு இருக்குன்னு சொல்ற மாதிரி. அதுல பேட்டரிக்குள்ள இருக்கிற பி.எம்.எஸ்.கிட்டயே கேபிள் போட்டுக் கேட்டுடணும்.

அடுத்தது, எப்ப நிறுத்தணும்? இங்கதான் நிறைய பேர் கவுந்துடறாங்க.

ஸ்டார்ட் ஆகி சார்ஜர் கரன்ட் ஊத்த ஆரம்பிச்சதும், வோல்டேஜ் 47-ல இருந்து சில நிமிஷத்துலயே 52, 53-ன்னு துள்ளும். அது நிறைஞ்சதால இல்லை, ஊத்துறதால. '50 தாண்டினா நிறுத்து'ன்னு எழுதியிருந்தீங்கன்னா ஜெனரேட்டர் அஞ்சு நிமிஷம் ஓடி நிக்கும். நின்னதும் வோல்டேஜ் விழும். கொஞ்ச நேரத்துல திரும்ப ஸ்டார்ட். ராத்திரி பூரா இதே கூத்து. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு மாசம் தாங்கினா அதிசயம். மேல்நிலைத் தொட்டியில தண்ணி அடிமட்டத்துக்குப் போனா மோட்டார் ஓடி, மேல்மட்டம் வரைக்கும் நிரப்பிட்டு நிக்குது பாருங்க, அந்த மாதிரி ரெண்டு கோடும் தள்ளித் தள்ளி இருக்கணும்.

அப்ப 100 சதவிகிதம் வரைக்கும் ஓட்டிட வேண்டியதுதானே? அதுவும் கூடாது பாஸ்! மாட்டுத்தாவணியில காலி பஸ் வந்து நிக்குறதைப் பார்த்திருப்பீங்க. முதல் நாப்பது பேர் ஒரே நிமிஷத்துல ஓடி ஏறி சீட்டைப் பிடிச்சுடுவாங்க. அடுத்த பத்து பேர் நெருக்கித்தான் ஏறணும். 'உள்ள போ... உள்ள போ...'ன்னு கண்டக்டர் தொண்டை கட்டிடும். லெட்-ஆசிட் பேட்டரியும் அப்படித்தான். 80 சதவிகிதம் வரைக்கும் கொடுக்கிறதை எல்லாம் வாங்கிக்கும். அதுக்கு மேல வோல்டேஜ் 57.6-ல நின்னுடும், கரன்ட் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறையும்.

நம்ம கணக்குல போட்டுப் பார்க்கலாம். 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 30 ஆம்பியர்ல சார்ஜ் பண்றோம். 50-ல இருந்து 80-க்குப் போக 60 ஆம்பியர்-ஹவர் வேணும். நஷ்டம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். சார்ஜருக்கு ஏறத்தாழ 2 கிலோவாட், வீட்டு லோடு அரை கிலோவாட், மொத்தம் இரண்டரை. 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் சுகமா இழுக்கும், மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கும். ஆனா 80-ல இருந்து 100-க்குப் போக இன்னும் நாலஞ்சு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அவ்வளவு பெரிய இன்ஜின் சைக்கிள் தள்ளுற அளவு வேலைக்குத் தடதடன்னு ஓடும். டீசலும் வீண். லோடு இல்லாம ஓடுற டீசல் இன்ஜின்ல எரிபொருள் சரியா எரியாம, சைலன்சர்ல கறுப்பா எண்ணெய் மாதிரி வழியும். மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும்.

அதனால 80, 85-லயே ஜெனரேட்டரை அனுப்பிடுங்க. மிச்சத்தைக் காலையில சூரியன் பார்த்துக்கும். நெருக்கி ஏத்துற பொறுமையான வேலைக்கு சூரியனை விட்டா ஆள் இல்லை, அதுக்கு டீசலும் வேணாம். ஒரே ஒரு நிபந்தனை: வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவையாவது பேட்டரி முழுசா நிறையணும். அடைமழையில சூரியனே வரலைன்னா, அந்த ஒரு தடவை மட்டும் ஜெனரேட்டரை முழுசா ஓட விடணும். இதை கோடுல ஒரு கவுண்டரா வெச்சுடுங்க.

இப்ப ப்ராஜெக்ட்டோட மூளை. அதிகாலை 5 மணி. பேட்டரி 45 சதவிகிதம். ஸ்டார்ட் பண்ணலாமா? இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல விடிஞ்சுடும். இப்ப டீசல் ஊத்தி நிரப்பிட்டா, வெளுத்து வாங்குற வெயிலுக்கு உள்ள இடம் இருக்காது. அதே 45 சதவிகிதம் சாயங்காலம் 6 மணிக்கு இருந்தா? முழு ராத்திரியும் பாக்கி. கண்டிப்பா ஸ்டார்ட் பண்ணணும். அதுவும் அந்த நேரத்துலதான் டி.வி., விளக்கு, ஃபேன் எல்லாம் ஓடும். ஜெனரேட்டர் அந்த லோடையும் நேரா தூக்கிக்கிட்டு பேட்டரியையும் நிரப்பும். தாத்தாவும் முழிச்சிருப்பார், சத்தம் யாரையும் எழுப்பாது. ஆக, சாயங்காலத்துக்கு 60 சதவிகிதம், விடியற்காலைக்கு 40 சதவிகிதம்னு நேரத்துக்குத் தகுந்த மாதிரி கோட்டை நகர்த்துங்க. ஐம்பது ரூபாய் கடிகார சிப் ஒண்ணு போதும். வருஷத்துக்கு எத்தனை லிட்டர் மிச்சம்னு சிமுலேஷன் பண்ணிக் காட்டினீங்கன்னா, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

இனிமே கை வேலை. முதல்ல ஜெனரேட்டர் செல்ஃப்-ஸ்டார்ட் வகையா இருக்கணும். கயிறு இழுக்கிறதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பெட்ரோல் இன்ஜின்னா சோக்கையும் தானா இழுத்து விட ஒரு ஏற்பாடு வேணும். அந்தத் தலைவலி வேணாம்னா டீசலுக்குப் போயிடுங்க.

சில ஜெனரேட்டர்கள்ல ரெண்டு வயர்தான் வெளியே வரும். ரெண்டையும் தொட வெச்சா ஓடும், பிரிச்சா நிக்கும். மத்த வேலையை உள்ளே இருக்கிற கன்ட்ரோலரே பார்த்துக்கும். இது கிடைச்சா நீங்க அதிர்ஷ்டசாலி. இப்ப விக்கிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் பலதுலயும் இதுக்குன்னே ஒரு ரிலே முனை இருக்கும். ரெண்டையும் இணைச்சு, செட்டிங்ஸ்ல எண்ணைப் போட்டா முடிஞ்சது. ஒரு குழி மட்டும் இருக்கு: ஜெனரேட்டர்ல ஏ.எம்.எஃப். பேனல் இருந்தா அது இ.பி. கரன்ட் போறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். தோப்புல இ.பி.யே கிடையாது! அதை ரிமோட் ஸ்டார்ட் முறைக்கு மாத்தி வைக்கணும்.

மத்த ஜெனரேட்டர்கள்ல சாவி திருப்புற மனுஷன் செய்யறதை எல்லாம் உங்க சர்க்யூட் செய்யணும். இன்ஜின்ல ஹீட்டர் பிளக் இருந்தா முதல்ல அதைச் சூடாக்கணும். அப்புறம் ஸ்டார்ட்டரை அஞ்சாறு விநாடி சுத்தணும். ஏ.சி. வோல்டேஜ் வந்ததும் ஸ்டார்ட்டரை உடனே விடணும். வரலைன்னா 15 விநாடி ஓய்வு, திரும்ப முயற்சி. மூணு தடவைக்கு மேல கூடாது, மோட்டார் கருகிடும். ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும், அப்புறம் லோடு. நிறுத்துறப்போ முதல்ல லோடைக் கழட்டி, ரெண்டு மூணு நிமிஷம் ஆற விட்டு, பிறகு நிறுத்தணும்.

லேப்ல அருமையா ஓடி, தோப்புல படுக்கிற ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. ஆர்டுயினோவுக்கு கரன்ட் எங்கிருந்து? 'ஸ்டார்ட்டர் பேட்டரி 12 வோல்ட், அதுல இருந்து எடுத்தா போச்சு'. ஸ்டார்ட்டர் சுத்துற நொடியில அந்த 12 வோல்ட் 8-க்கு இறங்கும். ஆர்டுயினோ மயங்கி விழும். ரிலே விடும். ஸ்டார்ட்டர் நிக்கும். வோல்டேஜ் ஏறும். ஆர்டுயினோ முழிச்சு 'நான் யாரு? எங்க இருக்கேன்?'னு ஆரம்பத்துல இருந்து தொடங்கும். திரும்ப சுத்தும், திரும்ப விழும். மூணு தடவைங்கிற எண்ணிக்கை கூட மறந்து போயிருக்கும். அதனால 48 வோல்ட் பேங்க்ல இருந்து ஒரு டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் வழியாவும், ஸ்டார்ட்டர் பேட்டரியில இருந்தும், ரெண்டு டயோடு போட்டு ரெண்டு பக்கமும் கொடுங்க. எது இருந்தாலும் மூளை உயிரோட இருக்கும். இன்னொண்ணு: சின்ன ரிலேயை நேரா ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கொடுத்து புகை விடாதீங்க. அது நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கிற ராட்சசன். உங்க ரிலே சாவியோட வேலையைத்தான் செய்யணும்.

ஸ்டார்ட்டருக்குத் தனி பேட்டரி எதுக்கு, இருக்கிற நாலு பேட்டரியில ஒண்ணுல இருந்து 12 வோல்ட் எடுத்துக்கலாமேன்னு சிக்கனத் திலகம் ஒருத்தர் கிளம்புவார். அப்படி எடுத்தா அந்த ஒண்ணு மட்டும் எப்பவும் பட்டினியா இருக்கும், மத்த மூணும் அஜீரணத்துல சாகும். நாலும் போச்சு.

மூணாவது கேள்வி: ஸ்டார்ட் ஆகலைன்னா?

2019 மே 7 சாயங்காலம் மதுரையில காத்தும் மழையுமா அடிச்சுது. அரசு ராஜாஜி மருத்துவமனையில கரன்ட் போச்சு. அன்னைக்கு வென்டிலேட்டர்ல இருந்த நோயாளிகள் சிலர் இறந்தாங்க. ஜெனரேட்டர் ஓடாததுதான் காரணம்னு உறவினர்கள் குற்றம் சாட்டினாங்க. வென்டிலேட்டர்களுக்கு பேட்டரி இருந்துச்சு, இறப்புக்கு அவங்க உடல்நிலைதான் காரணம்னு மருத்துவமனை நிர்வாகம் மறுத்துச்சு. நம்ம ப்ராஜெக்ட் மருத்துவமனைக்கு இல்லைதான். ஆனா தாத்தாவுக்கு நெபுலைசர் இருக்கலாம், ஃப்ரிட்ஜ்ல அப்பத்தாவோட இன்சுலின் இருக்கலாம். மாசக்கணக்கா சும்மா நிக்கிற மெஷின் கூப்பிட்ட நொடியில எழுந்திருக்கும்னு நம்புறதுக்கு ஏதாவது ஆதாரம் வேணும்.

பெரும்பாலும் காலை வாருறது அந்த ஸ்டார்ட்டர் பேட்டரிதான். சும்மா கிடந்தே செத்திருக்கும். மெயின் பேங்க்ல இருந்து சின்ன சார்ஜர் ஒண்ணு அதுக்கு எப்பவும் ஊட்டிக்கிட்டே இருக்கணும். வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை 11 மணிக்குன்னு வெச்சுக்கங்க, தேவை இருக்கோ இல்லையோ ஜெனரேட்டர் லோடோட 15 நிமிஷம் ஓடட்டும். அப்பதான் எலி கடிச்ச வயரும் அடைச்சுக்கிட்ட ஃபில்டரும் பகல் வெளிச்சத்துல தெரியும். மூணு முயற்சியும் தோத்தா கன்ட்ரோலர் அமைதியா இருந்துடக் கூடாது. வீட்டுக்குள்ள பஸ்ஸர் அடிக்கணும், உங்க மொபைலுக்கு மெசேஜ் வரணும், முக்கியமில்லாத லோடை எல்லாம் அதுவே கழட்டி விடணும். ஃப்ரிட்ஜும் ஒரு விளக்கும் மட்டும் ஓடினா 40 சதவிகிதம் பேட்டரி அந்த ராத்திரியைக் கடத்திடும்.

இன்னும் ஒரு விஷயத்தை யாரும் சிலபஸ்ல சொல்லித் தர மாட்டாங்க. கையால ஸ்டார்ட் பண்ற ஜெனரேட்டர் ஓடும்போது குறைஞ்சது ஒரு மனுஷனாவது முழிச்சிருப்பான். உங்க ஜெனரேட்டர் ஓடும்போது எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குறவங்க அப்படியே தூங்கிடுவாங்க. மழைக்கு நனையுதேன்னு திண்ணைக்கோ, ஜன்னல் ஓரத்துக்கோ, படிக்கட்டுக்கு அடியிலயோ அதைக் கொண்டு வரவே கூடாது. வீட்டை விட்டுத் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காத திசையில, நாலு பக்கமும் திறந்த கூரைக்குக் கீழேதான் இடம். பேட்டரி இருக்கிற அறையிலயும் வேணாம். சார்ஜ் ஆகுற லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும், ஒரு பொறி போதும்.

அப்புறம், அது சொல்லாம கொள்ளாம ஓட ஆரம்பிக்கிற மெஷின். தாத்தா வேட்டியோட பெல்ட் பக்கத்துல குனிஞ்சிருக்கும்போது மேகம் வந்து, மிக்ஸி ஓடி, உங்க கோடு 'ஸ்டார்ட்'னு முடிவு எடுத்தா? ஜெனரேட்டர் மேலயே ஆட்டோ-ஆஃப்-மேனுவல் சுவிட்ச் ஒண்ணு இருக்கணும். ஆஃப்ல வெச்சா ஸ்டார்ட்டருக்குப் போற வயரே அறுந்த மாதிரி ஆகணும், ஆர்டுயினோகிட்ட அனுமதி கேக்கக் கூடாது. ஆயில் மாத்த வர்ற மெக்கானிக் ஸ்டார்ட்டர் பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும். பக்கத்துல பெரிய எழுத்துல ஒரு போர்டு: 'இது எப்ப வேணும்னாலும் தானாக ஓடும்'. தமிழ்லயே எழுதுங்க. அதே மாதிரி ஜெனரேட்டர் கரன்ட்டும் இன்வெர்ட்டர் கரன்ட்டும் எந்த நிலையிலயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. கான்டாக்டர் ரெண்டுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் போட்டுடுங்க. கோடு தப்பினாலும் இரும்பு தப்பாது.

டெமோ அன்னைக்கு எல்லாரும் ஸ்டார்ட் ஆகுறதைக் காட்டிக் கைதட்டு வாங்குவாங்க. நீங்க எக்ஸாமினர் முன்னாடி ஸ்டார்ட்டர் பேட்டரி வயரைக் கழட்டி வெச்சுட்டு, பேட்டரி வோல்டேஜ் இறங்கின மாதிரி சிக்னல் கொடுங்க. மூணு தடவை முயற்சி பண்ணுதா, நிக்குதா, மெசேஜ் வருதான்னு அவரையே பார்க்கச் சொல்லுங்க. அதே சோதனையைத் தோப்புல ராத்திரி ஒரு தடவை பண்ணிப் பாருங்க. கதவைச் சாத்தி, ஃபேன் ஓட விட்டு, தாத்தா படுக்கிற கட்டில்ல படுத்துக்கிட்டு பஸ்ஸர் கேக்குதான்னு கவனிங்க. கேக்கலைன்னா பெரிய பஸ்ஸரா வாங்குங்க. ரிச்சி தெருவுல எல்லா சைஸ்லயும் கிடைக்கும்.